பாதியில் வெட்டக்கூடாத பாட்டு

சென்ற மாதம் செமினியில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். இந்தக் காலத்து டிஜே பிள்ளைகளுக்கு எந்தப் பாட்டையும் முழுதாக விடுகிற பழக்கம் கிடையாது. பல்லவி முடிவதற்குள் அடுத்த பாட்டு தலையை நீட்டிவிடும். நான் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டூடியோவில் பாட்டுக்கு ஒலி கலந்து பிழைத்தவள். ஒவ்வொரு முறை வெட்டும்போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டை யாரோ பிடுங்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். அன்றும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பிரியாணி சாப்பிட்டேன்.

அப்போது 'வர்றியா' பாட்டு வந்தது. முதலில் பேஸ் கிட்டார், அதன் மேல் உறுமி. பாட்டு பாதியில் இருக்கும்போது மண்டபத்து மேனேஜர் ஓடிவந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்துவிட்டார்கள், நிறுத்து என்று கையை ஆட்டினார். டிஜே அசையவில்லை.

"அங்கிள், கொஞ்சம் பொறுங்க லா. இது முடியட்டும்."

பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஷா, ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிற பெண், ஆச்சரியப்பட்டுப்போய் டிஜேயிடமே கேட்டுவிட்டு வந்தாள். "அவனுக்கே காரணம் தெரியலக்கா. இந்தப் பாட்ட மட்டும் நடுவுல நிப்பாட்டக்கூடாதுன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தவன் சொன்னானாம். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அந்தப் பாட்டு பதிவானபோது நான் அங்கே இருந்தேன். விருந்து இரைச்சலில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். வீட்டுக்கு நாலு கடை தள்ளி, ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. போன் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். அங்கே முதலில் கேபிள் சுற்றக் கற்றுக்கொண்டேன். பிறகு மைக் வைக்க, கடைசியாக வாயை மூடிக்கொண்டு கேட்க. மூன்றாவதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலாளி தேவா சார் ரேடியோவில் டெக்னீஷியனாக இருந்து வந்தவர். உட்கார்ந்துகொண்டு பாட்டுக் கேட்கவே மாட்டார். கலவை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, வெளியே மாடிப்படியில் நின்று கச்சான் கடலை கொறித்தபடி கேட்பார். கதவைத் தாண்டி எது காதில் விழுகிறதோ அதுதான் பாட்டு, மற்றதெல்லாம் நம்முடைய ஆசை என்பார். அதற்கப்புறம் சிடியை எடுத்துக்கொண்டு காரில் ஏறி ஸ்காட் ரோட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலையைப் பார்ப்பார். இல்லையென்றால் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "பாட்டு ஒரு தப்பும் பண்ணல ராணி. நீதான் அத விடமாட்டேங்கிற" என்பார். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும், எரிச்சலுக்குக் காரணமும் அதுவே.

ஒரு வேலையை மட்டும் அவர் யாரிடமும் விட்டதில்லை. பாட்டின் கடைசியில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி இல்லாமலாக்குவது, அதாவது ஃபேட். அந்தக் காலத்தில் ரேடியோவுக்குப் போகும் எல்லாப் பாட்டும் அப்படித்தான் முடியும். அறிவிப்பாளர் பேசுவதற்கு இடம் வேண்டுமே. தேவா சார் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சுண்டுவிரலை மட்டும் சத்தத்தை ஏற்றி இறக்கும் பட்டனின் மேல் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இறக்குவார். எந்த இடத்தில் பாட்டு நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. கணினி வந்து அதைச் சுலபமாகச் செய்ய முடிந்த பிறகும் சுண்டுவிரலை அவர் விடவில்லை.

'நாலாவது மாடி' பேண்ட் எங்களிடம் வந்தது சிடி காலம் முடியப்போகிற நேரத்தில். கம்போங் மேடான் ஃபிளாட் ஒன்றில் நாலாவது மாடியில் ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள். டிரம்ஸ் ஒரு சீனப் பையன், கிட்டார் ஒரு மலாய்ப் பையன், பேஸ் கிட்டாரும் பாட்டும் கவிதா. இன்சூரன்ஸ் கம்பெனியில் நாள் முழுக்க போனில் திட்டு வாங்கிவிட்டு, அந்தக் கோபத்தையெல்லாம் பேஸ் கம்பிகளின் மேல் கட்டைவிரலால் அடித்துத் தீர்க்கிற பெண். அவர்கள் வாசித்தது ஃபங்க் ராக். பேஸ் துள்ளும், கிட்டார் துண்டு துண்டாக வெட்டி விழும், நடுவில் எல்லாரும் சட்டென்று நின்று மறுபடி ஒன்றாகக் குதிப்பார்கள். அதில் ஒரு பாட்டுக்கு ஜோகெட் என்கிற மலாய் நடனத் தாளம், இன்னொன்றில் மலாயில் ராப், வேறொன்றில் பஜனை மெட்டு. கவிதா ஆல்பத்துக்கு வைத்த பெயர் 'லிஃப்ட் ரிப்பேர்'. அந்த ஃபிளாட்டில் வளர்ந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அந்த ஆல்பத்தின் உயிர் 'வர்றியா'. ஃபிளாட்டுக்குக் கீழே நின்று ஒருத்தி, மேலே இருக்கிற தோழியைக் கூப்பிடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. அதற்கு உறுமி வேண்டும் என்று கவிதா கிள்ளானிலிருந்து சரவணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பகலில் பார்சல் வேன் ஓட்டுகிறவன், கோயில் உறுமிக் குழுவில் பள்ளிக்கூட நாளிலிருந்து வாசிக்கிறவன். அப்பா இறந்த பிறகு அவனை வளர்த்ததே அந்தக் குழுதான். எங்கள் குவார்ட்டர்ஸில் உறுமி என்றால் முகம் சுளிப்பார்கள். அது சண்டைக்காரப் பிள்ளைகளின் மேளம் என்பார் என் அம்மா. சரவணனோ கூப்பிட்டால்கூட தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிற ரகம்.

உறுமியைப் பதிவு செய்வது லேசான காரியமில்லை. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மற்ற முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கிற பக்கம் மைக்கை நெருக்கி வைத்தால் குச்சி உரசுகிற கீச்சுச் சத்தம்தான் விழும், உறுமல் விழாது. தள்ளி, முழங்கால் உயரத்தில் வைத்தபோதுதான் அது வயிற்றிலிருந்து வந்தது. ஏர்கோன் ஓடினால் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும், அதனால் அதை அணைத்துவிட்டு எல்லாரும் வியர்வையில் குளித்தோம். போதாததற்கு பேஸும் உறுமியும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டன. ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று காணாமல்போகும். கடைசியில், உறுமி இழுக்கிற இடத்தில் பேஸ் சும்மா இருக்க வேண்டும், உறுமி அடிக்கிற இடத்தில் பேஸ் துள்ளலாம் என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் வாசிப்பை மாற்றிக்கொண்டாள். அந்த நிமிடம் அறைக்குள் எல்லார் தலையும் தானாக ஆடியது. என் உத்தியோகத்தில் அப்படிப்பட்ட நிமிடங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

நடுப்பகுதிக்குத்தான் என்ன அடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். கவிதா கேட்டாள்.

"சரா, யாரையாவது கூப்பிடுற மாதிரி ஒரு அடி இருக்கா?"

"இருக்கே" என்றான். கோயிலில் சாமியை அழைக்கிற அடியை அடித்தான். அவனுக்குத் தெரிந்த கூப்பிடுகிற அடி அதுதான். எங்களுக்கெல்லாம் புல்லரித்தது, பிரமாதம் என்றோம். தேவா சார் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த அடி போய்க்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரலால் பாட்டை அழகாக இறக்கி முடித்தார். சரவணன் ஒரு சிடி கேட்டான், கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தன் அத்தையை வேனில் ஏற்றிக்கொண்டு சுங்கை பூலோவுக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறான். பாக்கியம் அத்தை வருடா வருடம் திருவிழாவில் அம்மன் அருள் வந்து ஆடுகிறவர். தான் வாசித்ததை அத்தை கேட்கட்டும் என்று ஆசையாக சிடியைப் போட்டான். பெடரல் ஹைவேயில் ஜாம். அழைப்பு அடி வந்ததும் அத்தைக்கு அருள் வந்துவிட்டது. பாட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து காணாமல் போனது, அத்தை இறங்கவில்லை. முன்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிறவரை வைத்துக்கொண்டு, வேனைத் திருப்பி கிள்ளான் கோயிலுக்கே ஓட்டியிருக்கிறான். குழுத் தலைவர் பெருமாள் அண்ணன் தன் டயர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து, சாமியை மலையேற்றுகிற அடியை வாசித்த பிறகுதான் அத்தை கண் திறந்தார். திறந்ததும், "ஏன்டா என்னை நடுவழியில விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டாராம். அப்புறம் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

மறுநாள் சரவணன் ஸ்டூடியோவுக்கு வெறுங்கையோடு வந்தான். உறுமியைப் பெருமாள் அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு வெளிய வந்தா, கோயில்ல நான் இனிமே குச்சியத் தொடக்கூடாதுன்னுட்டாரு" என்றான்.

தேவா சார் சாமி கும்பிடாதவர். "அந்தம்மாவுக்கு பிரஷர் இருக்கும்பா" என்று சிரித்தார்.

"சார், சிரிக்காதீங்க" என்றாள் கவிதா. "அந்தப் பாட்டு இல்லாட்டி ஆல்பம் இல்ல. இவன் இல்லாட்டி அந்தப் பாட்டே இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

"பாட்டத் தூக்கிடு கவி" என்றான் சரவணன். அவள் பேஸைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அத்தனை பேரும் வியர்வையில் நனைந்து பிடித்த ஒன்றைக் குப்பையில் போடுவதா? கொமுட்டர் ரயிலேறி கிள்ளானுக்குப் போனேன். பெருமாள் அண்ணன் கடையில் ஒரு லோரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் அந்த ஸ்டூடியோ மேடமா? டயர் மேல உக்காந்துராதீங்க, சேலையில கறுப்பு ஒட்டிக்கும்."

நின்றுகொண்டே கேட்டேன். "அண்ணே, கிட்டாரோட சேந்து வாசிச்சதுதான் தப்பா?"

"யாரு சொன்னா? போன திருவிழாவுக்கு எங்க பசங்களே கீபோர்டு வச்சாங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் என்னண்ணே கோபம்?"

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "நீங்க ஒருத்தரை வீட்டுக்குக் கூப்பிடுறீங்க. அவங்களும் மதிச்சு வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. நீங்க லைட்ட அணைச்சிட்டுத் தூங்கப் போயிட்டா எப்படி இருக்கும்? கூப்பிட்டது தப்பே இல்லம்மா. கூப்பிட்டுட்டு வழியனுப்பாம போனீங்க பாருங்க, அதுதான் தப்பு."

நான் சாமி விஷயத்தில் அங்குமிங்குமாக நிற்கிறவள். ஆனால் இது எனக்குச் சாமி விஷயமாகத் தெரியவில்லை. அத்தனை வருடம் நாங்கள் அழகு என்று நினைத்துச் செய்த ஒரு வேலை, இந்த மனிதருக்கு மரியாதைக் குறைவாக இருந்தது.

"அப்ப வழியனுப்பி வச்சிட்டா?"

"அந்த அடிய எங்க குழுவுல தலைவர்தான் அடிக்கணும். வேற யாரும் அடிக்கிறதில்ல."

"அப்ப நீங்களே வாங்க."

பக்கத்தில் காற்றடிக்கிற மெஷின் தடதடவென்று ஓடி ஓய்ந்தது. பிறகு அவர் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றைக்கு யாரும் மச்சம், அதாவது கறி மீன், சாப்பிடக்கூடாது. அறைக்குள் செருப்பு கூடாது. மேளத்துக்குச் சூடம் காட்ட வேண்டும். அத்தை எதிரில் இருந்து கேட்க வேண்டும், அவர் நல்லபடியாக எழுந்தால்தான் பாட்டு வெளியே போகலாம். அழைப்பிலிருந்து வழியனுப்புவது வரை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும், அங்கங்கே வெட்டி ஒட்டக்கூடாது.

"சரவணன்?" என்று கேட்டேன்.

"அவன் பேச்ச எடுக்காதீங்க. நான் வாசிக்கிறேன்."

தேவா சாரிடம் வந்து சொன்னேன். ஒட்டுப்போடாமல் இவ்வளவு நீளப் பாட்டா, ரேடியோவில் எவன் போடுவான் என்று கொஞ்ச நேரம் கத்தினார். ஸ்டூடியோவுக்குள் நெருப்பா என்று அதைவிட அதிக நேரம் கத்தினார். கடைசியில், சூடத்தை மாடிப்படியில் காட்டலாம் என்று இறங்கி வந்தார். குறித்த நாளன்று காலையில் பார்த்தால், எல்லாருக்கும் முன்னால் தன் ஷூவைக் கழற்றி வெளியே வைத்தவரும் அவர்தான்.

பெருமாள் அண்ணன் ஒரே ஒரு மேளம் கொண்டுவந்திருந்தார். தலைவரின் மேளம் கோயிலை விட்டு வெளியே வராதாம். பையைத் திறந்ததும், அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்து மூலையில் நின்ற சரவணனின் முகம் மாறியது. அது அவனுடைய உறுமி. அவன் அதன் பக்கம் வரவில்லை. அத்தை, பதிவு அறையைப் பிரிக்கிற கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதல் தடவை வாசித்தார்கள். பெருமாள் அண்ணனின் கை சாதாரணக் கை இல்லை, அறையே அதிர்ந்தது. ஆனால் எல்லாரும் சட்டென்று நிற்கிற இடம் வந்தபோது, அவர் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார். டிரம்ஸ் பையன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரும்பாடு. இரண்டாவது தடவை சீக்கிரமே நின்றுவிட்டார். மூன்றாவது தடவை நின்றார், திரும்பக் குதிக்கிற இடத்தைத் தவறவிட்டார்.

"என்னம்மா பாட்டு இது, முட்டுச்சந்து மாதிரி" என்று கவிதாவிடம் அலுத்துக்கொண்டார். அப்புறம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூலையைப் பார்த்தார். "டேய். எங்க நிக்கணும்?"

சரவணன் கையைத் தட்டிக் காட்டினான். அவன் தட்டிய விதத்தில், நிற்கிற இடமும் குதிக்கிற இடமும் குழந்தைக்கும் புரியும்படி இருந்தது. பெருமாள் அண்ணன் அதைக் கேட்டார். வாரைத் தலைவழியாகக் கழற்றி, மேளத்தை அவன் தோளில் மாட்டினார்.

"நீ வாசி. முடிவு வந்ததும் நான் சொல்றேன்."

சொல்வது என்றால் என்ன, மேளம் ஒன்றுதானே இருக்கிறது என்று குழம்பினேன். கேட்கிற நேரமா அது? பதிவைத் தொடங்கினேன்.

பேஸ் துள்ளியது, உறுமி இழுத்தது. எல்லாரும் நின்றார்கள், எல்லாரும் குதித்தார்கள். கவிதா தொண்டை நரம்பு புடைக்க 'வர்றியா' என்றாள், அழைப்பு அடி எழுந்தது. அத்தையின் கால் கட்டைவிரல் தரையில் தட்டத் தொடங்கியது. பிறகு முழங்கால். மூச்சு சீறிக்கொண்டு வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தார், அந்தப் பிடி அறுபது வயதுப் பெண்ணின் பிடி இல்லை. ஒரு கையால்தான் மெஷினைப் பார்த்துக்கொண்டேன். நான் பயந்துபோயிருந்தேன், வெளிப்படையாகவே சொல்கிறேன்.

முன்பு தேவா சார் பாட்டை இறக்கிய இடம் வந்தது. கிட்டார் நின்றது, டிரம்ஸ் நின்றது, பேஸ் மட்டும் மெதுவாகக் கீழே நடந்துகொண்டிருந்தது. சரவணன் தலையைத் தூக்கிப் பெருமாள் அண்ணனைப் பார்த்தான். இனிமேல் அவன் அடிக்கக்கூடாது, அது தலைவரின் அடி. கை தயங்குவது கண்ணாடி வழியாகவே தெரிந்தது. இன்னும் ஒரு வினாடி போனால் எல்லாம் கெட்டது.

பெருமாள் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டார். மோவாயைத் தூக்கி, "அடி" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

அடித்தான். அதை அவன் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறான், ஒரு நாளும் வாசித்ததில்லை. அவசரமே இல்லாத அடி. வந்தவரோடு வாசல் வரை கூட நடந்துபோய் நிற்பதுபோல இருந்தது. பேஸ் அதன் அடியிலேயே போனது, அவனைவிட ஒரு இம்மி முந்தவில்லை. கடைசி அடி விழுந்தது. என் மணிக்கட்டில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அத்தை கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். "கொஞ்சம் சுடுதண்ணி இருக்காம்மா?" என்றார். குடித்துவிட்டு, "அந்தப் பொண்ணு கிட்டாரு சத்தம் பத்தல. இன்னும் கொஞ்சம் தூக்கி வை" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. திரும்பிப் பார்த்தேன், தேவா சாரைக் காணோம். வழக்கம்போல மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறார். உள்ளே வந்தவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலைக்கான டேப்பைத் தேடத் தொடங்கினார். அந்தப் பாட்டை அவர் காரில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

அத்தையைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பெருமாள் அண்ணன் படியிறங்கக் கிளம்பினார். சரவணன் பின்னாலேயே ஓடினான். உறுமியைத் தோளிலிருந்து கழற்றி, துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான்.

பெருமாள் அண்ணன் அதை வாங்கவில்லை. "இத ஏன்டா என்கிட்ட குடுக்கிற?" என்றார். "வெள்ளிக்கிழமை பூசைக்கு நீ என்ன கையத் தட்டிக்கிட்டா நிக்கப் போற?"